கட்டுரையின் தலையில் ஐந்து பெயர்கள்: ஒரு நரம்பியல் ஆய்வகத்தில் யார் யார்?

அக்கா மகள் ஒரு பல்கலைக்கழக நரம்பியல் ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது வீட்டில் எழுந்த முதல் கேள்வி, "அப்படியென்றால் நீ டாக்டரா?" என்பதுதான். இல்லை என்றாள். "டாக்டருக்குப் படிக்கிறாயா?" ஒருவகையில் ஆமாம், ஆனால் ஊசி போடும் டாக்டர் இல்லை என்றாள். பாட்டி அத்துடன் விட்டுவிட்டார். நான் விடவில்லை. எனக்கும் ஆய்வகம் என்றால் வெள்ளைக் கோட்டில் ஒரு மேதை, பக்கத்தில் குடுவை ஏந்தியபடி நாலைந்து பேர் என்ற சித்திரம்தான் மனத்தில் இருந்தது. ஒருநாள் போனில் பேசும்போது, "இன்றைக்கு என்ன செய்தாய்?" என்று கேட்டேன். "கம்பி முறுக்கினேன் மாமா. நேற்றும் அதுதான்" என்றாள். அந்தச் சித்திரம் அங்கேயே கலைந்துவிட்டது.

ஆய்வகத்தில் யார் என்ன செய்கிறார்கள் என்று பொதுப்படையாகச் சொன்னால் பதவிப் பட்டியல் போலாகிவிடும். அதனால் நிஜமான ஓர் ஆய்வகத்தையே எடுத்துக்கொள்கிறேன். நார்வே நாட்டின் டிரான்ட்ஹைம் நகரில், நார்வே அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இருப்பது அது. 2005 ஆகஸ்டில் அங்கிருந்து ‘நேச்சர்’ இதழில் ஒரு கட்டுரை வெளியானது. தலைப்புக்குக் கீழே ஐந்து பெயர்கள்: டோர்கெல் ஹாஃப்டிங், மரியான் ஃபீன், ஸ்டுர்லா மோல்டன், மை-பிரிட் மோசர், எட்வர்ட் மோசர். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2014இல், கடைசி இருவருக்கும் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. பரிசில் பாதி லண்டனைச் சேர்ந்த ஜான் ஓ'கீஃபுக்கு. மறுபாதியை மோசர்கள் இருவரும் பகிர்ந்துகொண்டார்கள்.

அந்தக் கட்டுரை சொன்னது என்ன? இரண்டு மீட்டர் அகலமுள்ள வட்டமான அரங்கு ஒன்றில் ஓர் எலியை விடுகிறார்கள். தரையில் ஆங்காங்கே இனிப்புத் துணுக்குகள். எலி அவற்றைத் தேடிக் கால்போன போக்கில் ஓடுகிறது. அதன் மூளையில் என்டோரைனல் கார்டெக்ஸ் என்ற பகுதியில் மெல்லிய கம்பிகள் இருக்கின்றன. அங்குள்ள ஒரு நரம்புச் செல் துடிக்கும்போதெல்லாம், அதாவது மின்துடிப்பு ஒன்றை விடும்போதெல்லாம், எலி அப்போது நின்ற இடத்தில் கணினி ஒரு புள்ளி வைக்கிறது. முதலில் புள்ளிகள் சிதறிக் கிடப்பதுபோல்தான் தெரியும். நேரம் ஆக ஆக அவை கொத்துக் கொத்தாகக் கூடுகின்றன. கொத்துகளுக்கு இடையே சமதூரம். ஒவ்வொன்றையும் சுற்றி ஆறு.

இதற்குப் படம் வரைந்து காட்டத் தேவையில்லை. நம் வாசலில் போடும் இடைப்புள்ளிக் கோலத்தை நினைத்துக்கொண்டால் போதும். நேர்ப்புள்ளியில் ஒன்றுக்கு நேராக ஒன்று நிற்கும். இடைப்புள்ளியில் மேல்வரிசையின் இடைவெளிக்கு நேராகக் கீழ்வரிசைப் புள்ளி விழும். எந்தப் புள்ளியைச் சுற்றிப் பார்த்தாலும் ஆறு புள்ளிகள் இருக்கும். டிரான்ட்ஹைம் எலியின் மூளையில் இருந்தது அந்த இடைப்புள்ளிதான். வேடிக்கை என்னவென்றால், அரங்கின் தரையில் அப்படி எதுவுமே வரையப்பட்டிருக்கவில்லை. புள்ளி வைத்தது எலியின் மூளை. எங்கே இருக்கிறோம், எவ்வளவு தூரம் நடந்தோம் என்பதை மூளை கணக்கு வைக்க இது உதவுகிறது என்பது இன்றைய புரிதல். இந்தச் செல்களுக்குக் கிரிட் செல்கள் என்று பெயர்.

இனி அந்த ஐந்து பெயர்களுக்கு வருவோம். உயிரியல் கட்டுரைகளில் பெயர்களின் வரிசைக்குப் பொருள் உண்டு. முதலில் நிற்பவர் சோதனையைத் தம் கையால் நடத்தியவர். கடைசியில் நிற்பவர் ஆய்வகத்தின் தலைவர். இடையில் இருப்பவர்கள் வெவ்வேறு அளவில் பங்களித்தவர்கள். கல்யாணப் பத்திரிகையில் யார் பெயர் எந்த வரியில் வரவேண்டும் என்று நம் வீடுகளில் நடக்கும் பேச்சுவார்த்தையைப் பார்த்தவர்களுக்கு, ஆய்வகங்களில் இந்த வரிசைக்காக எழும் மனத்தாங்கல்கள் புதிதாகத் தோன்றாது.

கடைசிப் பெயர்க்காரரை உலகெங்கும் பி.ஐ. என்கிறார்கள், முதன்மை ஆய்வாளர் என்று பொருள். நம் ஊர் மாணவர்களுக்கு அவர் ‘கைடு’. பெரும்பாலும் பேராசிரியர். எந்தக் கேள்வியைக் கேட்பது என்று தீர்மானிப்பவர், அதற்கான பணத்தைத் தேடுபவர், ஆட்களைச் சேர்ப்பவர், கட்டுரையைத் திருத்துபவர், கடைசியில் பதில் சொல்லவேண்டியவரும் அவரே. ஆனால் ஆய்வகம் வளர வளர அவர் கம்பியைத் தொடுவது குறைந்துகொண்டே போகும். நிதி கேட்டு விண்ணப்பம் எழுதுவதிலேயே பாதி ஆயுள் போகிறது என்று புலம்பாத பி.ஐ.யைக் காண்பது அரிது. மை-பிரிட்டும் எட்வர்டும் 1996இல் டிரான்ட்ஹைமுக்கு வந்தபோது அவர்களிடம் ஆய்வகம் என்று சொல்ல எதுவும் இல்லை. ஒரு நிலவறையில் தொடங்கினார்கள். கூண்டு கழுவுவது, மூளையைச் சீவுவது, அறுந்த கேபிளைப் பற்றவைப்பது எல்லாம் அவர்கள் கையால்தான். பிறகு ஆட்கள் வந்தார்கள். வந்த ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்க அந்தக் கைப்பழக்கம் உதவியது.

முதலில் நின்ற ஹாஃப்டிங், ஃபீன், மூன்றாவதாக நின்ற மோல்டன் ஆகிய மூவரும் அப்போது மாணவர்கள். பல்கலைக்கழக ஆய்வகத்தின் முதுகெலும்பு முனைவர் பட்ட மாணவர்கள்தான். நான் இதைப் பாராட்டாக மட்டும் சொல்லவில்லை. இரவில் எலிக்கூடத்துக்குப் போகிறவர்கள் அவர்கள். ஞாயிற்றுக்கிழமை பதிவு எடுப்பவர்களும் அவர்களே. நார்வேயில் முனைவர் பட்ட மாணவர் பல்கலைக்கழகத்தின் ஊழியராகக் கருதப்படுகிறார். மாதச் சம்பளம் உண்டு. மூன்று அல்லது நான்கு ஆண்டு ஒப்பந்தம். இந்தியாவில் ஜே.ஆர்.எஃப். எனப்படும் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெறும் மாணவருக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். படிப்பு ஐந்தாண்டுக்கு மேலும் இழுப்பதுண்டு. உதவித்தொகை மாதாமாதம் ஒழுங்காக வருமா என்பது வேறு கதை. அந்தப் பேச்சை எடுத்தால் என் அக்கா மகள் ஒரு மணிநேரம் பேசுவாள்.

மாணவர்களின் அன்றாட வேலை எப்படி இருக்கும்? கம்பி முறுக்குவதிலிருந்தே தொடங்கலாம். எலி மூளையில் செல்களைக் கேட்க டெட்ரோடு என்ற ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். 17 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள, அதாவது தலைமயிரில் நாலில் ஒரு பங்குகூட இருக்குமா என்று சந்தேகப்பட வைக்கும் நான்கு கம்பிகளை ஒன்றாக முறுக்கிச் செய்வது அது. ஏன் நான்கு? கல்யாண மண்டபத்தில் ஒருவர் பேசுவதை ஒரே இடத்திலிருந்து கேட்டால் யார் பேசுகிறார் என்று பிரிப்பது கடினம். நான்கு இடங்களிலிருந்து கேட்டால், ஒரு குரல் இங்கே உரக்கவும் அங்கே மெல்லவும் ஒலிப்பதை வைத்து ஆளைப் பிரித்துவிடலாம். செல்களுக்கும் அதே உபாயம்.

கம்பிகளை அறுவைச் சிகிச்சை மூலம் பொருத்திய பிறகு, குட்டித் திருகாணிகளைத் திருப்பி நாளுக்கு 50 மைக்ரோமீட்டர் போலக் கீழே இறக்குவார்கள். வேண்டிய இடத்தை அடையச் சில நாட்கள், சில வாரங்கள்கூட ஆகும். அவசரப்பட்டு ஒரு சுற்றுக் கூடுதலாகத் திருப்பினால் வேண்டிய அடுக்கைத் தாண்டிப் போய்விடும். திரும்பி மேலே இழுத்தால் பழைய நிலை வராது. இந்தப் பொறுமையைப் பாடப்புத்தகத்தில் படித்து வரவழைக்க முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துத்தான் வரும்.

பதிவு எடுத்த பிறகு கணினி முன் அமர வேண்டும். எந்தத் துடிப்பு எந்தச் செல்லுடையது என்று பிரிக்கும் வேலைக்குக் ‘கிளஸ்டர் வெட்டுதல்’ என்று பெயர். திரையில் தெரியும் புள்ளி மேகங்களைச் சுட்டியால் கோடு போட்டுப் பிரிப்பது நெடுங்கால வழக்கம். இப்போது மென்பொருள் பெரும்பங்கைச் செய்கிறது, மனிதர் சரிபார்க்கிறார். ஒரே பதிவை இருவரிடம் கொடுத்தால் இருவரும் சற்றே வேறாக வெட்டுவார்கள். அதனால்தான் நல்ல ஆய்வகங்களில் இதற்கு எழுதப்பட்ட விதிகள் உண்டு. புள்ளிகள் உண்மையிலேயே அறுகோணமா, நம் கண் அப்படிப் பார்க்கிறதா என்பதையும் கணக்குப் போட்டுத்தான் நிறுவ வேண்டும். அங்கேதான் நிரல் எழுதுபவர் வருகிறார். இன்றைய நரம்பியல் ஆய்வகங்களில் இயற்பியல், கணிதம், கணினி படித்தவர்களைக் கணிசமாகப் பார்க்கலாம். எலியைப் பார்த்தாலே பயப்படும் ஒருவர் நரம்பியலில் முனைவர் பட்டம் வாங்குவது இன்று நடக்கக்கூடியதே.

அந்த ‘நேச்சர்’ கட்டுரைக்கு முந்தைய ஆண்டு, 2004இல், இதே குழு ‘சயன்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை எழுதியது. அதில் ஃபீன், மோல்டன், மோசர்கள் ஆகியோருடன் இன்னொரு பெயர் இருந்தது: மென்னோ விட்டர். நெதர்லாந்தைச் சேர்ந்த மூளை உடற்கூறியலாளர். எந்தப் பகுதியிலிருந்து எந்தப் பகுதிக்கு நரம்புகள் போகின்றன என்று வாழ்நாள் முழுவதும் பார்த்தவர். கம்பியை எந்த மூலையில் இறக்கவேண்டும் என்ற கேள்விக்கு அவருடைய அறிவு வழிகாட்டியது. முன்பு அதே கார்டெக்ஸில் பதிவு எடுத்த சிலர் வேறு மூலையில் பார்த்ததால் தெளிவான வடிவம் எதையும் காணவில்லை. சில மில்லிமீட்டர் வித்தியாசம்தான். இப்படி வெளியூரிலிருந்து கைகொடுப்பவரைக் கூட்டாய்வாளர் என்பார்கள். ஊரில் கிணறு வெட்டும் முன் நீரோட்டம் பார்ப்பவரை அழைப்பதுபோல என்று எழுத வந்தேன். ஆனால் இவர் சொன்ன இடத்தில் தண்ணீர் இருந்தது.

பெயர் வரிசையில் வராதவர்களும் உண்டு. பல நேரம் அவர்கள் கட்டுரையின் கடைசியில், சின்ன எழுத்தில் வரும் நன்றிப் பத்தியில் இருப்பார்கள். என் பார்வையில் ஓர் ஆய்வகத்தைப் புரிந்துகொள்ள முதலில் படிக்கவேண்டிய பத்தி அதுதான்.

முதலில் விலங்குக்கூடப் பணியாளர்கள். எலி இரவில் நடமாடும் பிராணி. அதனால் பல ஆய்வகங்களில் விளக்குகளைத் தலைகீழாக வைப்பார்கள்: நமக்குப் பகலாக இருக்கும் 12 மணிநேரம் எலிக்கு இருட்டு. அந்த ஒழுங்கைக் காப்பவர், தண்ணீரும் படுக்கையும் மாற்றுபவர், எந்த எலி நேற்றைவிட இன்று சோர்ந்திருக்கிறது என்று கவனிப்பவர் இவர். இவர் கவனிக்காவிட்டால் தலைவரின் கேள்வி எவ்வளவு ஆழமானதாக இருந்தும் பயனில்லை. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி மோகில் என்பவரின் குழு 2014இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைக் குறும்பாக நிரூபித்தது. அறைக்குள் ஆண் ஒருவர் இருந்தாலே, அவர் அணிந்த சட்டை மட்டும் இருந்தாலும்கூட, எலிகளுக்குப் பதற்றம் ஏறி வலி உணர்வு மட்டுப்பட்டது. பெண்கள் இருந்தபோது அப்படி நேரவில்லை. அதாவது வலியைப் பற்றி அளந்த சில முடிவுகளில், அன்று எந்த மாணவர் அறைக்குள் போனார் என்பதும் கலந்திருக்கக்கூடும்.

அடுத்து டெக்னீஷியன்கள். சோதனை முடிந்தபின் எலியின் மூளையை எடுத்து, உறையவைத்து, மெல்லிய சீவல்களாகச் சீவி, ஊதாச் சாயம் ஏற்றிக் கண்ணாடித் தகட்டில் ஒட்டிப் பார்ப்பார்கள். கம்பியின் நுனி உண்மையில் எங்கே இருந்தது என்று தெரிவது அப்போதுதான். நுனி தவறான இடத்தில் இருந்தால் மாதக்கணக்கான பதிவு குப்பைக்குப் போகும். அந்தச் செய்தியை மாணவரிடம் முதலில் சொல்லவேண்டியவர் பெரும்பாலும் இந்த டெக்னீஷியன். சீவுவது எளிய வேலை என்று எண்ணவேண்டாம். நினைவிழந்தவராக உலகப் புகழ்பெற்ற ஹென்றி மொலெய்சன் 2008இல் இறந்தபின், அவருடைய மூளையைக் கலிஃபோர்னியாவின் சான் டியேகோவில் 53 மணிநேரம் தொடர்ந்து சீவி 2,401 சீவல்களாக்கினார்கள். நமக்கு அருகிலும் இந்தக் கலை இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யின் மூளை ஆய்வு மையம் 2024இல் வெளியிட்ட ‘தரணி’ என்ற கருநிலை மூளை வரைபடம் 5,132 சீவல்களிலிருந்து உருவானது. ஒவ்வொரு சீவலையும் கசங்காமல் தகட்டில் ஏற்ற ஒரு கை வேண்டும்.

லேப் மேனேஜர் என்று ஒருவர் இருப்பார். மருந்து தீர்ந்ததா, குளிர்ப்பெட்டி ஓடுகிறதா, விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி எப்போது காலாவதியாகிறது, புதிதாக வந்த மாணவருக்குச் சாவி யார் தருவது என்று அவருக்கு மட்டுமே எல்லாம் தெரியும். கைடு ஒரு மாதம் ஊரில் இல்லாவிட்டாலும் ஆய்வகம் நடக்கும். இவர் ஒரு வாரம் விடுப்பு எடுத்தால்தான் தெரியும் சங்கதி.

அக்கா மகள் எந்த வகை? புராஜெக்ட் அசிஸ்டென்ட். குறிப்பிட்ட ஓர் ஆய்வுத் திட்டத்துக்கான நிதியில் நியமிக்கப்பட்டவர். திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். பலர் இந்த ஓரிரு ஆண்டுகளில், முனைவர் பட்டம் நமக்கு ஒத்துவருமா என்று பார்த்துக்கொள்வார்கள். ஒத்துவராது என்று தெரிந்துகொள்வதும் லாபம்தான். ஐந்தாம் ஆண்டில் தெரிவதைவிட மேல்.

போஸ்ட்டாக் என்ற இனத்தைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. முனைவர் பட்டம் வாங்கியாயிற்று, இனி டாக்டர் என்று கூப்பிடலாம், ஆனால் சொந்த ஆய்வகம் இன்னும் இல்லை. இரண்டு, மூன்று ஆண்டு ஒப்பந்தம். அது முடிந்தால் வேறு ஊர், வேறு ஒப்பந்தம். ஆய்வகத்தில் ஆகத் திறமையானவர் பெரும்பாலும் இவர்தான், ஆகக் கவலையுள்ளவரும் இவரே. மாணவர்களுக்கு அன்றாடம் சொல்லிக்கொடுப்பவரும் கைடைவிட இவராகத்தான் இருப்பார். பேராசிரியர் பணியிடங்கள் குறைவு, போஸ்ட்டாக்குகள் அதிகம் என்பதால் பாதிப் பேருக்கு மேல் வேறு வழிகளில் போய்விடுகிறார்கள். இதை ஆய்வுலகம் இன்னும் கொஞ்சம் வெளிப்படையாகவே மாணவர்களிடம் சொல்லலாம்.

ஆனால் தொழில்நுணுக்கம் ஊர்விட்டு ஊர் போவதும் இவர்கள் மூலமாகத்தான். மோசர்கள் 1995இல் ஆஸ்லோவில் பேர் ஆண்டர்சன் என்பவரின் ஆய்வகத்தில் முனைவர் பட்டம் முடித்தார்கள். பிறகு எடின்பரோவில் ரிச்சர்ட் மோரிஸிடமும், லண்டனில் ஓ'கீஃபிடமும் போனார்கள். ஓ'கீஃப் யார்? 1971இல் தம் மாணவர் ஜோனதன் டோஸ்ட்ரோவ்ஸ்கியுடன் சேர்ந்து, எலி குறிப்பிட்ட இடத்துக்கு வந்தால் மட்டும் துடிக்கும் ‘இடச் செல்’களை மூளையின் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியில் கண்டு சொன்னவர். அவருடைய கட்டுரைகள் அச்சில் இருந்தன, யாரும் படிக்கலாம். ஆனாலும் ஓடும் எலியின் செல்லைக் கேட்பது எப்படி என்று அறிய மோசர்கள் சில மாதங்கள் அவர் பக்கத்தில் உட்கார வேண்டியிருந்தது. நம் இசைக்காரர்கள் யாரிடம் பாடம், எந்தப் பாணி என்று கேட்டுக்கொள்வார்கள் அல்லவா? நரம்பியலாளர்களும் அப்படியே. ஓ'கீஃப் கனடாவில் ரொனால்ட் மெல்சாக்கின் மாணவர். மெல்சாக் டொனால்ட் ஹெப்பின் மாணவர். பாணி இப்படித்தான் இறங்கி வருகிறது.

இவர்கள் எல்லாரும் ஒன்றாகக் கூடும் இடம் வாராந்தரக் கூட்டம். ஒரு மாணவர் தம் படங்களைத் திரையில் காட்டுவார், மற்றவர்கள் துளைப்பார்கள். "எலி ஓரத்திலேயே ஓடியிருக்கிறதே, நடுவில் புள்ளி எப்படி வரும்?" "இந்த இரண்டும் ஒரே செல் இல்லை என்று எப்படித் தெரியும்?" இரண்டாம் ஆண்டு மாணவி பேராசிரியரின் கருத்தை மறுத்துப் பேசலாமா என்பதை வைத்தே ஓர் ஆய்வகத்தின் தரத்தைச் சொல்லிவிடலாம் என்பது என் எண்ணம். சேர நினைப்பவர்கள் ஒரு கூட்டத்திலாவது பின்வரிசையில் உட்கார்ந்து பார்ப்பது நல்லது. 2014 அக்டோபரில் ஸ்டாக்ஹோமிலிருந்து நோபல் அழைப்பு வந்தபோது மை-பிரிட் இப்படியொரு கூட்டத்தில்தான் இருந்தார். பேச்சு சுவாரசியமாகப் போய்க்கொண்டிருந்ததால் போனை எடுக்காமலே விட்டிருப்பாராம். எட்வர்ட் அந்த நேரம் மியூனிக் போகும் விமானத்தில் இருந்தார். இறங்கும்வரை அவருக்குத் தெரியாது.

ஹாஃப்டிங்கும் ஃபீனும் ஆஸ்லோ பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார்கள். 2021இல் அங்கிருந்து கிரிட் செல்களைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. அந்தச் செல்களுக்கு அருகில் இருந்து அவற்றை அடக்கும் வேறு செல்களைச் சுற்றியிருக்கும் புரத வலையைக் கலைத்தால் கோலத்துக்கு என்ன ஆகும் என்பது கேள்வி. முதல் பெயர்கள் நமக்குத் தெரியாத இளையவர்களுடையவை. கடைசி இரண்டு பெயர்கள்: மரியான் ஃபீன், டோர்கெல் ஹாஃப்டிங்.